அவள் வலையில் விழுந்த மீன்கள்

கொள்ளிடத்தில் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் புல்லறுக்கப் போகிற பொம்பளை என்றுதான் நினைத்தார்கள். கையில் அரிவாள், தலையில் துண்டு, பரிசல் நிறையக் கோரை. ஏழெட்டு வருடம் அப்படித்தான் அந்த ஆற்றில் போய் வந்தேன். கோரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

எங்கள் ஊர் திருமானூருக்குக் கிழக்கே, ஆற்றின் வடகரையில் இருக்கிறது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் ஏலாக்குறிச்சி மாதா கோயில் மணி கேட்கும். அக்கரை தஞ்சாவூர் ஜில்லா. என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், அக்கரையில் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டவன். காரைக்காலிலிருந்து வரும் சாராய பாட்டில்கள் அவன் கைக்கு வரும். அவற்றை வடக்கே கொண்டுவர வேண்டும் என்றால் பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலத்தில் போலீஸ் நின்று வண்டிகளைச் சோதிக்கும். ஆற்றில் யாரும் நிற்பதில்லை. அவன் பாட்டில்களை மாட்டுத்தீவனச் சாக்கில் கட்டி நாணல் புதருக்குள் வைத்துவிட்டுப் போவான். நான் பட்டப்பகலில் பரிசலை விட்டுக்கொண்டு போய், சாக்கை எடுத்து அடியில் போட்டு, நடு ஆற்றுத் திட்டில் இறங்கி அதன்மேல் கோரையை அறுத்துப் போட்டுக்கொண்டு வருவேன். அரியலூர் ரோட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒருவர் அதை வாங்கிக்கொள்வார்.

வறுமை என்று இங்கே எழுதினால் அது பொய். என் வீட்டுக்காரர் சிமெண்ட் லாரி ஓட்டினார். வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருவார், சம்பளத்தைக் கொடுப்பார். மகள் திருச்சியில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாடு இருந்தது. எங்களுக்குச் சோற்றுக்குக் குறையில்லை. அப்புறம் ஏன் செய்தேன் என்றால், எனக்கு அது பிடித்திருந்தது. பாலத்தின் மேல் காக்கிச்சட்டைகள் ஒவ்வொரு வண்டியாக மறித்துக்கொண்டிருக்க, அதே பாலம் தெரிகிற தூரத்தில் நான் துடுப்புப் போட்டுக்கொண்டு போவேன். ஒருமுறை ஒரு போலீஸ்காரர் மேலே இருந்து, "யம்மா, ஆழம் பாத்துப் போங்க, முதலை கெடக்குதாம்" என்று சத்தம் போட்டார். "சரிங்க சார்" என்றேன். அன்று முழுக்க எனக்கு நடை தரையில் இல்லை.

அந்த பாட்டில்களைக் குடித்தவர்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது சில சமயம் யோசிக்கிறேன். ஆனால் இரவில் தூக்கம் கெடுவது அதனால் இல்லை.

அந்த வருடம் ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்த பிறகு, ஐப்பசி கடைசியில், மேட்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு புருஷன் பொண்டாட்டி மீன் பிடிக்க வந்தார்கள். ஆளுக்கு ஒரு பரிசல். எங்கள் படித்துறைக்குக் கொஞ்சம் தள்ளி மணலில் தார்ப்பாய் கட்டித் தங்கினார்கள். அவனுக்கு முப்பத்தைந்து இருக்கும். பேச்சு குறைவு. அவளுக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. பிள்ளை இல்லை. வந்த இரண்டாம் நாளே குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, "அக்கா, குடிக்கிற தண்ணி புடிச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் தினமும் காலையும் சாயங்காலமும் வருவாள். குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, போனை எங்கள் வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு, பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவர்கள் வேலை செய்கிற முறை எனக்குச் சீக்கிரமே தெரிந்துபோனது. பொழுது சாய வலை விடுவார்கள். திட்டுக்குக் கிழக்கே அவன் வலை, மேற்கே அவள் வலை. விடிகிற நேரத்தில் அவன் முதலில் போய்க் கிழக்கு வலையைத் தூக்குவான். அவள் கஞ்சி வைத்துவிட்டு, வெயில் வந்த பிறகு மேற்கு வலைக்குப் போவாள். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் அந்த மேற்கு வலை ஆளில்லாமல் கிடக்கும். இடையில் திட்டும் கோரையும் மறைப்பதால் கிழக்கே இருப்பவனுக்கு மேற்கே நடப்பது தெரியாது.

முதல் மீன் தற்செயல்தான். நான் அக்கரைக்குப் போகும்போது பரிசல் அவள் வலையை உரசியது. கயிற்றைத் தூக்கி விலக்கினேன். ஒரு பெரிய வாளை கண்ணியில் தலை மாட்டித் துள்ளியது. கை தானாகப் போனது. மீன்பிடி எங்கள் குடும்பத்தில் இருந்த தொழில். வலை கிழியாமல் செவுளை அழுத்தி மீனை உருவ எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எடுத்துக் கோரைக்கு அடியில் போட்டேன்.

மறுநாள் தற்செயல் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பெரிய மீனை மட்டும் எடுப்பேன். சின்னதை விட்டுவைப்பேன், வலை வெறுமையாக இருந்தால் சந்தேகம் வருமே என்று. கட்லா, ரோகு, ஒருநாள் நல்ல விரால். கொஞ்சம் வீட்டில் ஆக்கினேன். மீதி சாப்பாட்டுக் கடைக்காரருக்கு. பாட்டில் கடத்துவதில்கூடக் கிடைக்காத ஒரு சுகம் அதில் இருந்தது. அடுத்தவர் வலையைத் தூக்கும்போது உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அது. அது யாருடைய வலை என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து என்னிடம் பேசுகிற பெண்ணும் காலையில் நான் தூக்குகிற வலையும் என் மனசுக்குள் வேறு வேறாகவே இருந்தன. அது எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒருநாள் கட்லாக் குழம்பு வைத்திருந்தேன். அவள் தண்ணீர் பிடிக்க வந்தாள். "உக்காரு புள்ள, ரெண்டு வாய் சாப்பிடு" என்று தட்டில் போட்டுக் கொடுத்தேன். ருசித்துச் சாப்பிட்டாள். "மீன் புடிக்கிறவ வூட்டுல மீன் கொழம்பு இல்லீங்க்கா. கெடைக்கிற பொடிசையும் வித்துப்போடுறோம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு சாயங்காலம் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு வந்தாள். உதடு வீங்கிக் கிழிந்திருந்தது.

"என்ன புள்ள இது?"

"ஒண்ணுமில்லீங்க்கா. கரையில வழுக்கிட்டேன்."

குடம் நிறைந்து வழிந்தது. அவள் குழாயை மூடிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"என் வலையில மீனே இல்லீங்க்கா. அவரு வலையில விழுவுது, எனக்கு விழுவல. நான் எடுத்து யாருக்கோ குடுக்கறேங்கறாரு. எங்கம்மாவுக்குக் காசு அனுப்பறேன்னு சொல்றாரு. நீர்நாய் தின்னிருக்கும்னு சொன்னேன். கண்ணி விரிஞ்சிருக்குது, செதில் ஒட்டியிருக்குது, வலை அறுபடல, நீர்நாய்க்கு வெரலு இருக்குதான்னு கேட்டு அடிச்சாரு."

என் விரல்களை மடியில் மறைத்துக்கொண்டேன். அது நன்றாக நினைவிருக்கிறது. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். எங்கள் இருவரைத் தவிர அங்கே யாரும் இல்லை. ஒரு வாக்கியம் போதும். நான் எழுந்து உள்ளே போய், தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து உதட்டில் தடவச் சொன்னேன்.

அன்றோடு விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். விட்டும்விட்டேன். நான்கு நாள் ஆற்றுப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் அவள் வந்தாள். முகம் தெளிந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். கன்னத்தில் புதிதாக ஒரு காயம் இருந்தது.

"இப்ப மீன் வருதுங்க்கா" என்றாள். "நாலு நாளா நல்லா வருது. அடி வாங்குனதும் மீன் வந்துருச்சு பாத்தியா, அப்ப நீதான் திருடியிருக்கேன்னு சொல்றாரு."

நான் திருடியது அவளுக்கு ஒரு அடி. நான் நிறுத்தியது இன்னொரு அடி. அன்று இரவு புரண்டு புரண்டு படுத்தேன். அப்போதும் உண்மையைச் சொல்வது என் புத்தியில் முதலாவதாக வரவில்லை. தந்திரம்தான் வந்தது. அவன் வலையிலேயே மீன் காணாமல் போனால், அதுவும் அவள் தார்ப்பாய்க்குள் இருக்கும்போதே போனால், வெளியாள்தான் திருடுகிறான் என்று அவனுக்கே புரிந்துவிடும் அல்லவா. அவளைக் காப்பாற்றத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. நான்கு நாளாக என் கை சும்மா இருந்தது, அதுவும் உண்மை.

மார்கழிப் பனி. பொழுது வெளுத்தும் வெளுக்காமலும் இருந்தது, எதிரே பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அவன் வருவதற்கு முன்னால் கிழக்கு வலைக்குப் போய்விட்டேன். இரண்டு ரோகு எடுத்திருப்பேன். துடுப்புச் சத்தம் கேட்டது. அவன் அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டான். பனிக்குள் பரிசலும் தலையில் துணி போட்ட ஒரு பெண்ணும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொண்டாட்டி பெயரைச் சொல்லிக் கத்தினான்.

"நில்லுடி!"

நான் நிற்கவில்லை. வெறி பிடித்தவள் மாதிரி துடுப்புப் போட்டுத் திட்டைச் சுற்றிக் கோரைக்குள் நுழைந்துகொண்டேன். அவன் என்னைத் தேடவில்லை. நேரே கரைக்குத் திரும்பினான். அது அவள்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

நான் மேற்கே சுற்றிக்கொண்டு படித்துறைக்கு வருவதற்குள் அலறல் கேட்டது. அவள் அந்நேரம் தார்ப்பாய்க்குள் இல்லை. பனைமரங்களுக்குப் பின்னால் ஒதுங்கப் போயிருக்கிறாள். அவள் பரிசல் கரையில் கிடந்தும், அவள் தார்ப்பாய்க்குள் இல்லாதது அவனுக்குப் போதுமானதாக இருந்தது. திரும்பி வந்தவளைத் துடுப்பால் அடித்திருக்கிறான். தலைக்கு வந்ததைக் கையால் தடுத்திருக்கிறாள். வலது மணிக்கட்டு முறிந்து தொங்கியது.

பரிசலில் கிடந்த இரண்டு மீனையும் ஆற்றில் எறிந்துவிட்டுத்தான் நான் அவளிடம் ஓடினேன். அந்த வரிசையில்தான் செய்தேன். முதலில் மீன், பிறகு அவள்.

தெரிந்த ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழி நெடுக என் தோளில் சாய்ந்து, "நீங்க இல்லேன்னா நான் என்னங்க்கா செய்வேன்" என்று அழுதுகொண்டே வந்தாள். நர்ஸ் எப்படி அடிபட்டது என்று கேட்டார். "கரையில வழுக்கி வுழுந்துட்டேங்க" என்றாள். நர்ஸ் என்னைப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"அக்கா" என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள்.

மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மதியத்துக்கு மேல் எங்கள் வீட்டில் படுக்க வைத்தேன். பால் காய்ச்சிக் கொடுத்தேன். அவள் கண் மூடிய பிறகு நான் மணலில் இறங்கி அவனிடம் போனேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தூரம் நடந்ததில்லை என்று தோன்றியது, நூறு அடிதான் இருக்கும்.

அவன் வலை பிரித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"தம்பி, மீன எடுத்தது நான். அந்தப் புள்ள இல்ல. காலைல பனியில பாத்தீங்களே, அதுவும் நான்தான்."

"அவ சொல்லச் சொன்னாளா?"

"மாதா மேல சத்தியமா நான்தான் தம்பி."

அவன் நம்பவில்லை. எந்தெந்த நாள் என்ன எடுத்தேன் என்று சொன்னேன். மேற்கு வலையில் எத்தனையாவது மிதவைக்குப் பக்கத்தில் விரால் கிடந்தது என்று சொன்னேன். காலையில் பரிசலோடு நான் ஒளிந்துகொண்ட கோரையைக் காட்டினேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். அவன் நம்பிவிட்டது அவன் கண்ணில் தெரிந்தது. எனக்கு மூச்சு வந்தது.

"சரி, நீதான் எடுத்த" என்றான். மரியாதை போய்விட்டது. "தெனம் ரெண்டு நேரம் அவ உன் வூட்டுலதான கெடந்தா? அவளுக்குத் தெரியாமயா எடுத்த? ரெண்டு பேரும் பங்கு போட்டுத் தின்னிருக்கீங்க."

"அய்யோ, இல்ல தம்பி. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

பின்னால் மணல் மிதிபடும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து வந்திருந்தாள். கட்டுப் போட்ட கையை மறு கையால் தாங்கிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. என்னைத்தான் பார்த்தாள்.

"அன்னிக்குக் கொழம்பு ஊத்துனீங்களே அக்கா, அது எங்க மீனுங்களா?"

நான் தலையை ஆட்டினேன். பொய் சொல்லியிருக்க வேண்டிய ஒரே இடம் அதுதான். அங்கே உண்மையைச் சொன்னேன்.

அவன் சிரித்தான். "பாத்தியா? தின்னிருக்கற."

அதற்குமேல் யார் என்ன சொல்லியும் பயனில்லை. அவள் எங்கள் இருவரையும் தாண்டி நடந்தாள். தார்ப்பாய்க்குள் போய் ஒரு பையில் துணிகளை ஒரு கையால் திணித்தாள். அவன் தடுக்கவில்லை. வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "சேலம் பஸ்ஸுல ஏத்தி வுடுங்க. ஒத்தக் கையில பை தூக்க முடியாது" என்றாள்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் குன்னம் தாண்டியது. ரோட்டில் பாதியை அடைத்து மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்தாள். கையைத் தாங்கிப் பிடிக்கலாமா என்று நான் கையை நீட்டினேன். அவள் உடம்பைக் குறுக்கிக்கொண்டாள்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் கிளம்ப நேரம் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. திடீரென்று கேட்டாள்.

"ஏங்க்கா எடுத்தீங்க? உங்க வூட்டுல எல்லாம் இருக்குதே."

"தெரியலம்மா" என்றேன். அவள் காத்திருந்தாள். "எடுக்க முடிஞ்சுது. எடுத்தேன்."

அதைவிட நல்ல பதில் அன்றும் என்னிடம் இல்லை, இன்றும் இல்லை. அவள் "ம்" என்றாள். டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள். பையை உள்ளே வைத்துக் கொடுத்தேன். என் போன் நம்பரை எழுதிய சீட்டை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை.

நான் ஊர் திரும்பியபோது தார்ப்பாய் இல்லை. இரண்டு பரிசலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவன் போய்விட்டான் என்றார்கள். மணலில் அடுப்புக் கல் மூன்றும் கிடந்தன.

அந்த வாரம் வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில் விஷயம் அவருக்கு முன்பே தெரியும். மீனைப் பற்றி அப்போதுதான் கேட்டார். "மீனுதான? அவன் முரட்டுப்பய, பொண்டாட்டிய அடிச்சான். அதுக்கு நீ என்ன பண்ணுவ?" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். அந்தப் பேச்சை நானும் எத்தனையோ முறை எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். துடுப்பு அவன் கையில்தான் இருந்தது. ஆனால் அவன் கண்ணில் பட்ட பரிசலில் இருந்தது நான்.

அதற்கப்புறம் பாட்டில் எடுக்கப் போகவில்லை. அண்ணன் இரண்டு முறை போன் செய்து பார்த்துவிட்டு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டான். பரிசலை ஒரு மீன்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குச்சாமியார் சின்ன வயதுக்காரர். முழுக்கக் கேட்டார். ஜெபம் சொல்லச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தப் பொண்ணு எங்க இருக்குன்னு தெரியுமாம்மா?"

"மேட்டூர்ப் பக்கம் சாமி. ஊர் தெரியாது."

"அப்ப மேட்டூருக்குப் போங்க."

போகவில்லை. ஒரு வருடம் போகவில்லை. மாட்டுக்கு உடம்பு சரியில்லை, மகளுக்குப் பரீட்சை, மழை என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்தது. அடுத்த தவக்காலம் வந்தபோது கோயிலுக்குள் நுழையவே கூச்சமாக இருந்தது. அப்போதுதான் பஸ் ஏறினேன்.

மேட்டூரில் மீன் விற்கிற இடங்களில் விசாரித்துக்கொண்டே நடந்தேன். கை உடைந்த பெண் என்று சொன்னதும் ஒரு கிழவி, "வளைஞ்ச கைக்காரியா? அங்க மீன் வெட்டிட்டு இருப்பா" என்று காட்டினாள். வரிசையாக உட்கார்ந்து மீன் வெட்டுகிற பெண்களில் கடைசியாக அவள் இருந்தாள். மணிக்கட்டு சரியாகக் கூடாமல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. வலது கையால் மீனை அழுத்திப் பிடிக்க மட்டும் செய்தாள். கத்தி இடது கையில் இருந்தது. பழகியிருந்தாள். வேகம் குறையவில்லை.

என்னால் நேரே போய் நிற்க முடியவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு மீன் வாங்கிக்கொண்டு, வெட்டக் கொடுப்பவர்களோடு நின்றேன். என் முறை வந்தது. நிமிர்ந்தாள். என்னைத் தெரிந்துகொண்டாள். அதில் சந்தேகம் இல்லை. கண் ஒரு நொடி அப்படியே நின்றது.

"தலைய ரெண்டாப் போடட்டுங்களா?" என்று கேட்டாள்.

"போடும்மா."

செதில் எடுத்தாள், செவுளைக் கிழித்தாள், துண்டு போட்டாள். எல்லோருக்கும் வெட்டுவது போலத்தான் எனக்கும் வெட்டினாள். பையில் போட்டு நீட்டியபோது, வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது எல்லாம் மறந்துவிட்டது.

"என்னைய மன்னிச்சிரும்மா" என்றேன்.

அவள் பலகையில் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். "அம்மாகூட இருக்கறேன். அவரு வேற ஒருத்திய வெச்சுட்டாரு" என்றாள், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போல. பிறகு என் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். "கூட்டமா இருக்குதுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். ஒருவேளை கூட்டம் குறைந்ததும் கூப்பிடுவாள் என்று வெயில் உச்சிக்கு வரும்வரை அங்கேயே நின்றேன். கூட்டம் குறைந்தது. அவள் கத்தியைத் துணியில் சுற்றி, வாளியை எடுத்துக்கொண்டு, மறு பக்கமாக எழுந்து போனாள்.